ஏற்காட்டு விரலும் எஞ்சினியர் படிப்பும்

மே மாதம் பிறந்துவிட்டால், சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் கார்கள் வரிசை கட்டி நிற்கின்றன. கோடை விழா! அண்ணா பூங்காவிலே மலர்க் கண்காட்சி! மந்திரிகள் வருகின்றனர், ஏரியிலே படகுகள் மிதக்கின்றன, சேர்வராயன் மலையின் குளிர்ச்சியைப் பற்றிப் பத்திரிகைகள் பத்தி பத்தியாக எழுதுகின்றன. நாமும் எழுதியிருக்கிறோம். இன்று நாம் எழுத வந்தது பூவைப் பற்றியல்ல.

அதே மே மாதத்தில்தான் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவும் வருகிறது. கண்காட்சிக்கு வந்த கூட்டம் மலையிறங்கிப் போன பிறகு, காப்பித் தோட்டத்து லயன் வீடுகளிலே ஒரு கேள்வி எழுகிறது. "எந்தக் குரூப் எடுப்பது?" பதினைந்து வயதுப் பிள்ளை, எழுத்தறியாத தாய், கூலிக்குப் போகும் தகப்பன் ஆகிய மூவரும் உட்கார்ந்து, அடுத்த ஐம்பதாண்டு வாழ்க்கையை ஒரு மாலைப் பொழுதிலே முடிவு செய்கின்றனர். அந்த நேரத்தில் அவர்கள் பக்கத்தில் நாம் இருக்கிறோமா? நமது கிளைத் தோழர்கள் இருக்கிறார்களா? இதைத்தான் நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நாகலூர் சாலையில் ஒரு தேநீர்க் கடை. தோட்டத் தொழிலாளியான தோழர் ஒருவர் நம்மிடம் கேட்டார்: "அண்ணே, எம் பொண்ணு நானூத்திச் சொச்சம் மார்க் வாங்கியிருக்கா. டாக்டருக்குப் படிக்கோணுங்கறா. கணக்கு கஷ்டம், அது வேண்டாம், தாவரவியல் விலங்கியல் குரூப்பே போதும்னு எல்லாரும் சொல்றாங்க. சரிதானுங்களா?"

டாக்டர் படிப்புக்குக் கணக்கு வேண்டாம் என்பது உண்மையே. ஆனால் 'நீட்' என்ற நந்தி குறுக்கே படுத்திருக்கிறதே! 2017இல் அது தமிழ்நாட்டின் மீது திணிக்கப்பட்டபோது, 1200க்கு 1176 மதிப்பெண் பெற்ற அரியலூர் அனிதாவையே அது பலி கொண்டது. மலைமேலிருந்து வரும் ஒரு கூலித் தொழிலாளியின் மகளை அது ரத்தினக் கம்பளம் விரித்தா வரவேற்கும்? 'நீட்'டில் தவறிவிட்டால் அந்தப் பெண் என்ன செய்வாள்? பொறியியல் கலந்தாய்வுக்குப் போகலாமென்றால், அங்கே கணக்கு நூறு, இயற்பியல் ஐம்பது, வேதியியல் ஐம்பது, ஆக இருநூறு என்றுதான் தரவரிசை போடுகிறார்கள். கணக்குப் படிக்காதவளுக்கு அந்தக் கதவு பதினைந்து வயதிலேயே சாத்தப்பட்டுவிட்டது. சாத்தியது யார்? எதிரியா? இல்லை. சொல்ல ஆளில்லாத காரணத்தால், அவள் தகப்பனார் கையாலேயே சாத்தப்பட்டது!

கணக்கும் உயிரியலும் சேர்ந்த பிரிவை அவள் எடுத்தால் இரண்டு கதவுகளும் திறந்திருக்கும். அந்த இரண்டு கதவுகளுக்கும் நடுவிலே மூன்றாவது கதவு ஒன்றும் இருக்கிறது. அதன் பெயர் உயிர்மருத்துவப் பொறியியல். 'பயோமெடிக்கல் எஞ்சினியரிங்' என்று கலந்தாய்வுப் பட்டியலில் போட்டிருப்பார்கள். நம் தோழர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் அந்தப் பெயரைக் கேட்டிருக்கமாட்டார்கள். கேட்காதது அவர்கள் குற்றமல்ல. சொல்லாதது நம்முடைய குற்றம்.

அது என்ன படிப்பு? ஆஸ்பத்திரிக்குள்ளே நுழைந்து பாருங்கள். டாக்டர் நிற்கிறார், நர்ஸ் நிற்கிறார். இருவருக்கும் நடுவிலே ஓசையில்லாமல் வேலை செய்துகொண்டிருப்பவை எத்தனை! இதயத் துடிப்பைக் கோடாக வரையும் ஈ.சி.ஜி., எலும்பைப் படம் பிடிக்கும் எக்ஸ்ரே, சிறுநீரகம் செய்ய வேண்டிய வேலையைத் தான் செய்யும் டயாலிசிஸ் இயந்திரம், எடை குறைந்து பிறந்த குழந்தையைக் கதகதப்பாக வைத்திருக்கும் வார்மர், தடுப்பூசி மருந்தை 2 டிகிரிக்கும் 8 டிகிரிக்கும் நடுவில் காத்து வைக்கும் குளிர்பெட்டி. இவற்றில் ஒன்று நின்றால் டாக்டரின் கையும் நின்றுவிடும். இவற்றை ஆக்கவும் அளவு பார்க்கவும் பழுது நீக்கவும் கற்றுக் கொடுப்பதே அந்தப் படிப்பு. மனித உடற்கூறு ஒரு பாடம், மின்சுற்று ஒரு பாடம், உடலுக்குள் வைத்தால் உடல் ஏற்றுக்கொள்ளும் பொருள்கள் எவை என்பது ஒரு பாடம். பாதி மருத்துவம், பாதி பட்டறை. நமக்கு ஏற்ற படிப்பல்லவா இது!

பட்டறை என்று வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. 1943ஆம் ஆண்டு, நாஜிகளின் பிடியில் ஹாலந்து தேசம் சிக்கிக் கிடந்தபோது, காம்பன் என்ற சிற்றூரிலே கோல்ஃப் என்ற டாக்டர் முதல் செயற்கைச் சிறுநீரகத்தை உருவாக்கினார். எதைக் கொண்டு? இறைச்சிக்கு உறையாகப் பயன்படும் செல்லோபேன் குழாயை ஒரு மர உருளையின் மீது சுற்றினார். அந்த ஊர் எனாமல் பாத்திரத் தொழிற்சாலை கைகொடுத்தது. நோயாளிகள் ஒருவர் பின் ஒருவராக இறந்தனர், அவர் விடவில்லை. 1945இல் ஒரு மூதாட்டி பிழைத்தெழுந்தார். இன்று சேலத்துப் பெரிய ஆஸ்பத்திரியிலே டயாலிசிஸ் கட்டிலில் படுத்திருக்கும் நம் தொழிலாளித் தோழர், அந்த எனாமல் தொழிற்சாலைக்கும் கடன்பட்டவர். சி.டி. ஸ்கேனைக் கண்டுபிடித்த ஹவுன்ஸ்பீல்டு டாக்டரல்லர். இசைத்தட்டு விற்ற இ.எம்.ஐ. கம்பெனியின் எஞ்சினியர். பல்கலைக்கழகப் பட்டம்கூட இல்லாத அவருக்கு 1979இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசே கிடைத்தது.

கொரோனா காலத்தை நினைத்துப் பாருங்கள். துணி காயப்போடும் கிளிப்பைப் போன்ற ஒரு சிறு கருவியை விரலில் மாட்டிக்கொண்டு, 'தொண்ணூற்று நாலா, தொண்ணூற்று ஆறா' என்று உலகமே பார்த்துக்கொண்டிருந்ததே, அந்தப் பல்ஸ் ஆக்சிமீட்டரின் தத்துவத்தை 1974இல் வெளியிட்டவர் ஜப்பானிய எஞ்சினியர் தக்குவோ ஆவோயாகி. 2020 ஏப்ரலில், அவருடைய கருவி உலகத்தின் விரலில் எல்லாம் ஏறியிருந்த நேரத்தில், அவர் மறைந்தார். எத்தனை பத்திரிகைகள் அவருக்கு ஒரு பத்தி ஒதுக்கின?

அந்தக் கருவியைப் பற்றித்தான் நாம் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது.

விரலின் ஒரு பக்கத்திலிருந்து இரண்டு ஒளிகளைச் செலுத்துகிறது அது. ஒன்று சிவப்பு, மற்றொன்று கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. பிராணவாயு ஏறிய ரத்தம் ஒரு விதமாகவும், ஏறாத ரத்தம் வேறு விதமாகவும் அந்த ஒளிகளை உறிஞ்சிக்கொள்ளும். மறுபக்கத்தில் வந்து சேரும் ஒளியை அளந்து, இன்ன அளவு பிராணவாயு என்று கணக்குப் போட்டுச் சொல்லும். மிக நல்லது. ஆனால் ஒளி போகும் வழியிலே ரத்தம் மட்டுமா இருக்கிறது? தோல் இருக்கிறது. தோலிலே நிறம் இருக்கிறது. கறுப்புத் தோலின் மெலனினும் ஒளியை உறிஞ்சும். அந்தக் கணக்கோ, ஆரோக்கியமானவர்கள் சிலரைச் சோதனைக்கு உட்படுத்தி அவர்கள் உடம்பைக் கொண்டு போட்ட கணக்கு. எந்தத் தோலை வைத்துப் போட்டார்கள்? பெரும்பாலும் வெள்ளைத் தோலை வைத்து!

விளைவு என்ன? 2020 டிசம்பரில் அமெரிக்காவின் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆப் மெடிசின்' ஏட்டிலே மிச்சிகன் பல்கலைக்கழக டாக்டர்கள் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். கருவி 92 முதல் 96 வரை காட்டி 'பயமில்லை' என்று சொன்ன நேரத்தில், ரத்தத்தை எடுத்துச் சோதித்தால், உண்மையில் 88க்கும் கீழே போயிருந்தவர்கள் வெள்ளை நோயாளிகளிலே நூற்றுக்கு 3.6. கறுப்பின நோயாளிகளிலே நூற்றுக்கு 11.7! ஏறக்குறைய மூன்று மடங்கு. மூச்சு முட்டிக்கொண்டிருந்தவனைப் பார்த்து, 'நீ நலமாக இருக்கிறாய்' என்று இயந்திரம் சொல்லியிருக்கிறது. இது 2020இல்தான் தெரிந்ததா? இல்லை, 1990லேயே சிலர் எழுதினார்கள், 2005லும் எழுதினார்கள். கேட்க ஆளில்லை. 2021 பிப்ரவரியிலேதான் அமெரிக்க அரசின் மருந்து நிர்வாகம் எச்சரிக்கை விடுத்தது.

இயந்திரத்துக்குச் சாதி இல்லை, நிறம் இல்லை என்று நாம் நினைத்திருந்தோம். இயந்திரத்துக்கு இல்லை, உண்மை. அதை வடிவமைத்த அறையிலே யார் உட்கார்ந்திருந்தார்கள் என்பதிலே இருக்கிறது! அந்த அறையிலே ஒரு கறுப்பன் உட்கார்ந்திருந்தால், 'என் விரலையும் வைத்துப் பாருங்கள்' என்று முதல் நாளே சொல்லியிருப்பானே! வகுப்புரிமை என்று நாம் எதைச் சொல்லி வந்தோமோ, அதற்கு இதைவிடத் தெளிவான ஆதாரத்தை எந்த நூலிலும் நாம் கண்டதில்லை.

இப்போது ஏற்காட்டுக்கு வாருங்கள். கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,500 மீட்டர். அந்த உயரத்தில் காற்றழுத்தம் கீழே இருப்பதைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. மார்கழிக் குளிரிலே, நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை காப்பிப் பழம் பறிக்கிற கை அது. கறுத்த கை, காய்த்த கை, சில்லிட்ட கை. விரல் சில்லிட்டால் அங்கே ரத்தவோட்டம் குறையும். ரத்தவோட்டம் குறைந்தால் அந்தக் கருவி தடுமாறும். சேர்வராயன் மலையின் விரலை மனத்தில் வைத்துக்கொண்டு டோக்கியோவிலோ கலிபோர்னியாவிலோ எவனாவது கருவி செய்வானா? அதைச் செய்ய வேண்டியவர் நாகலூரிலும் செம்மநத்தத்திலும் மாரமங்கலத்திலும் இப்போது பத்தாம் வகுப்புப் பாடப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிறார்.

இந்த மலையின் மூத்த குடிகளை 'மலையாளிகள்' என்பார்கள். கேரளத்தாரல்லர், தமிழ் பேசும் மலைவாழ் மக்கள். காஞ்சியிலிருந்து வந்த முன்னோரின் வழியினர் என்று தங்கள் கதையைத் தாங்களே சொல்லிக்கொள்கிறவர்கள். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை காப்பிச் செடியைக் கொண்டுவந்து நட்டார். காப்பி வளர்ந்தது, பங்களாக்கள் வளர்ந்தன, வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வந்தது. மலைக்குச் சொந்தக்காரன் தோட்டத்துக் கூலியானான்.

1928லிருந்து நடைமுறைக்கு வந்த வகுப்புவாரி உத்தரவை நாம் நன்றியோடு நினைக்கிறோம். 1951 ஏப்ரல் 9ஆம் நாள் சுப்ரீம் கோர்ட் அதைச் செல்லாது என்றதே, அந்தத் தீர்ப்பில் இரண்டு வழக்குகள் இருந்தன என்பதை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறோம்? செண்பகம் துரைராஜன் பெயர் எல்லோருக்கும் தெரியும். அது மருத்துவக் கல்லூரி இடத்துக்கான வழக்கு. அந்த அம்மையார் கல்லூரிக்கு மனுவே போடவில்லை என்பது வேறு கதை. இன்னொருவர் கேட்டது கிண்டி எஞ்சினியரிங் கல்லூரியிலே இடம்! ஸ்டெதஸ்கோப்பு எவ்வளவு பெரிய அதிகாரமோ, அவ்வளவு பெரிய அதிகாரம் பொறியியல் இடத்திலும் இருக்கிறது என்பதை எதிர்த்தரப்பு அன்றே கண்டுகொண்டது. பெரியார் கிளர்ந்தெழுந்தார், தமிழகம் கொதித்தது, அதே ஆண்டு ஜூனில் அரசியல் சட்டத்துக்கு முதல் திருத்தம் வந்தது. நாம் வென்றோம்.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த உத்தரவிலே பதினான்கு இடத்தை ஆறு, இரண்டு, இரண்டு, இரண்டு, ஒன்று, ஒன்று என்று பங்கிட்டார்களே, அதிலே மலைவாழ் மக்களுக்கு என்று தனிப் பங்கு கிடையாது. அவர்களுக்குத் தனியாக நூற்றுக்கு ஒன்று என்று வந்தது 1990இல்தான். நாற்பதாண்டு காத்திருந்து பெற்ற அந்த ஒன்றையாவது முழுமையாகப் பயன்படுத்துகிறோமா?

அதன் பிறகு எத்தனையோ செய்தாயிற்று. பொறியியலுக்கு இருந்த நுழைவுத் தேர்வு 2007இல் சட்டத்தின் மூலம் ஒழிந்தது. முதல் தலைமுறைப் பட்டதாரிக்குக் கட்டணச் சலுகை வந்தது. 2021இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 7.5 சதவீதம் சட்டமாயிற்று. அவர்களுடைய கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்ற அறிவிப்பும் வந்தது. மருத்துவத்துக்கு 'நீட்' என்னும் சுவர். பொறியியலுக்கு அந்தச் சுவர் இல்லை. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே போதும். அண்ணாவின் பெயரைத் தாங்கிய பல்கலைக்கழகத்திலே, 1794இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய அதே கிண்டிக் கல்லூரியிலே, இந்தப் படிப்பு இருக்கிறது. சுவரில்லாத வாசலுக்கு நம் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போகாமல், சுவருள்ள வாசலிலே மட்டும் முட்டிக்கொண்டிருப்பது என்ன அறிவுடைமை? சுவரை இடிக்கிற போராட்டம் நடக்கட்டும், நடந்தே தீர வேண்டும். அதுவரை பிள்ளைகள் வெயிலில் நிற்க வேண்டுமா?

நம் மீது ஒரு தோழர் கோபித்துக்கொள்ளக்கூடும். "ஏழை வீட்டுப் பிள்ளைக்கு டாக்டர் கனவு கூடாது, மெக்கானிக் வேலை போதும் என்கிறீர்களா?" என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். நமது பதில்: கனவைக் குறைக்கச் சொல்லவில்லை. திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையம் இருக்கிறது. பொதுப் பணத்தில் நடப்பது. அங்கே டாக்டர் வலியத்தான் தலைமையில் டாக்டர்களும் எஞ்சினியர்களும் சேர்ந்து இதய வால்வு செய்ய முனைந்தனர். ஏன்? நெருக்கடியான வீடுகளிலே வாழும் ஏழைக் குழந்தைகளுக்குத் தொண்டைப் புண்ணில் தொடங்கி, மூட்டைத் தொட்டு, இதய வால்வைக் கெடுக்கிற ருமாட்டிக் காய்ச்சல் இங்கே ஏராளம். வெளிநாட்டு வால்வை வாங்க ஏழையால் முடியாது. ஒரு மாதிரி தோற்றது, இரண்டாவது தோற்றது, மூன்றாவதும் தோற்றது. நான்காவது மாதிரி 1990 டிசம்பர் 6ஆம் நாள் ஒரு மனிதரின் இதயத்திலே பொருத்தப்பட்டது. டி.டி.கே. கம்பெனி அதைச் செய்து விற்றது. வெளிநாட்டு வால்வைவிட வெகு மலிவு. அதை மெக்கானிக் வேலை என்று சொல்வதானால், அப்படிப்பட்ட மெக்கானிக்குகள் நமக்கு ஆயிரம் பேர் வேண்டும். அந்த நிலையமும் சென்னை ஐ.ஐ.டி.யும் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியும் சேர்ந்து மேற்படிப்பும் நடத்துகின்றன. இளநிலையில் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவருக்கும் இந்தத் துறைக்குள் வர வழி உண்டு.

சரி, படித்துவிட்டு வந்தால் வேலை எங்கே? இங்கேதான் அரசை நோக்கிக் கேட்க வேண்டியிருக்கிறது. ஆட்சியில் யார் இருந்தாலும் கேட்போம். இந்தியா முழுவதும் அரசு ஆஸ்பத்திரிகளில் இருக்கும் கருவிகளைத் தேசிய சுகாதார இயக்கம் கணக்கெடுத்தபோது, ஏழரை லட்சத்துக்கும் மேற்பட்ட கருவிகளில் மாநிலத்துக்கு மாநிலம் நூற்றுக்கு 13 முதல் 34 வரை வேலை செய்யாமல் கிடந்தன. மக்கள் பணத்தில் வாங்கியவை! பெரும்பாலும் ஒரு பியூஸ், ஒரு ஒயர், ஒரு அளவு திருத்தம். அதைப் பார்க்கத் தெரிந்த ஆள் பக்கத்திலே இல்லை. 2015இல் கொண்டுவந்த திட்டமோ, பராமரிப்பைத் தனியார் கம்பெனிகளிடம் டெண்டர் விடும் வழியைக் காட்டியது. கம்பெனிக்காரன் சமவெளியில் இருக்கும் நூறு கருவிகளைப் பார்த்து முடித்துவிட்டு, இருபது வளைவு ஏறி வருவதற்குள் மலைமேல் இருக்கும் குழந்தையின் நிலை என்னாவது?

தமிழ்நாடு இதில் பின்தங்கிய மாநிலமல்ல. 1994இல் இங்கே உருவான மருத்துவப் பணிகள் கழகத்தைப் பிற மாநிலங்கள் வந்து பார்த்துப் பாடம் கற்றன. அந்தப் பெருமையோடுதான் சொல்கிறோம்: கருவி வாங்குவதில் காட்டிய அக்கறையைக் கருவியைக் காக்கும் ஆளை நியமிப்பதிலும் காட்ட வேண்டும். டாக்டருக்கும் நர்சுக்கும் நிரந்தரப் பணியிடம் கேட்கிற நாம், கருவிப் பொறியாளருக்கும் அப்படியே கேட்க வேண்டும். ஒப்பந்தக் கூலியாக வைத்தால், பொதுப் பணத்தில் படித்தவர் இரண்டாம் ஆண்டே தனியார் ஆஸ்பத்திரிக்கோ வெளிநாட்டுக் கம்பெனியின் விற்பனைப் பிரிவுக்கோ போய்விடுவார். அவரைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை.

இன்னொன்று. இந்தப் படிப்பின் இடங்களில் பெரும்பகுதி சுயநிதிக் கல்லூரிகளின் கையில் இருக்கிறது. அரசு இடங்கள் சொற்பம். சேர்வராயன் மலையின் அடிவாரத்தில், கருப்பூரிலே, 1966இல் பிறந்த அரசு பொறியியல் கல்லூரி இருக்கிறது; அருகிலேயே 1997இல் பெரியார் பெயரால் எழுந்த பல்கலைக்கழகம் இருக்கிறது; நகருக்குள் மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. எஞ்சினியர் கல்லூரி ஒரு பக்கம், ஆஸ்பத்திரி மறுபக்கம், மலை தலைக்கு மேல். இந்தத் துறை வேரூன்றி வளர இதைவிடப் பொருத்தமான இடம் தேடினாலும் கிடைக்குமா? 1944இல் திராவிடர் கழகம் என்று பெயர் சூட்டிய ஊர் இது. இங்கே படிக்கும் பிள்ளைகள் ஆண்டுக்கு ஒரு மாதமாவது மலையேறி, அங்குள்ள ஆரம்ப சுகாதார நிலையங்களின் கருவிகளைத் தொட்டுப் பார்த்துப் பழக வேண்டும் என்றும் பாடத்திட்டத்தில் எழுதட்டும்.

தோழர்கள் செய்ய வேண்டியது என்ன? பெரிய காரியமல்ல. பத்தாம் வகுப்பு முடிவு வருவதற்கு முன்பே வீடு வீடாகப் போய், கணக்கோடு உயிரியல் சேர்ந்த பிரிவை எடுக்கச் சொல்லுங்கள். கணக்குக்குப் பயப்படும் பிள்ளைக்கு மாலையில் படிப்பகத்தில் சொல்லிக் கொடுக்க ஓர் ஆளைப் பிடியுங்கள். நம்மில் ஆசிரியர்களா இல்லை? பழங்குடிச் சான்றிதழைத் தாசில்தார் தருவதில்லை, கோட்டாட்சியர்தான் தர வேண்டும். கலந்தாய்வுக்கு முந்தின வாரம் ஓடினால் கிடைக்காது, பதினோராம் வகுப்பிலேயே மனு போட வையுங்கள். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்றையும் சேர்த்து வாங்கி வையுங்கள். அது இல்லாவிட்டால் 7.5 கிடையாது.

தேநீர்க் கடைத் தோழரிடம் இத்தனையும் சொன்னோம். பொறுமையாகக் கேட்டார். மகளை அழைத்து வரச் சொன்னோம், வந்தாள். விரல் கருவியின் கதையைச் சொன்னபோது தன் விரலை ஒரு தரம் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். கணக்குப் பிரிவே எடுக்கிறேன் என்றாள். தகப்பனார் தலையசைத்துவிட்டு நம்மிடம் ஒன்று கேட்டார்: "அந்தக் குரூப் இருக்கிற பள்ளிக்கூடம் டவுன்லல்லங்க இருக்குது. எங்க ஊருக்குக் கடைசி பஸ்ஸு நாலு மணிக்கே போயிருதுங்களே. ஸ்பெஷல் கிளாஸு முடிஞ்சு புள்ள எதுல வரும்?"

நம்மிடம் விடையில்லை. கிளைச் செயலாளர் பையிலிருந்து காகிதத்தை எடுத்தார். பஸ் நேரத்தை மாற்றக் கோரும் மனுவை அந்தக் கடை மேசையிலேயே எழுதத் தொடங்கினோம். முதல் கையெழுத்து அந்தப் பெண்ணுடையது.